பிரான்ஸில் குடியேற்றமும் 'யார் பிரெஞ்சுக்காரர்' என்ற வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் மாமா, பாரிஸ் புறநகரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா என்று பிரான்ஸோடு ஏதோ ஒரு தொடர்பு உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் குடியேற்ற விவாதம் தமிழில் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது. ஒரு நாள் முக்காடுத் தடை, இன்னொரு நாள் கலவரம், அடுத்த நாள் தேர்தல். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்து வரும் இடங்களில் அது என் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் பிரான்ஸ் என்னதான் எதிர்பார்க்கிறது?

சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சமூகத்தோடு ஒன்றிக் கலந்துவிட்டதை நிரூபிக்காத எவருக்கும் குடியுரிமை கிடையாது என்கிறது குடிமைச் சட்டத்தின் 21-24ஆம் பிரிவு. மொழி, நாட்டின் வரலாறு, குடியரசின் கொள்கைகள் ஆகியவற்றில் போதிய அறிவு இருக்க வேண்டும்.

இதன் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது. குடியரசுக்குத் தெரிந்தது குடிமகன் என்ற ஒரே அடையாளம்தான். நீ அரபியனா, தமிழனா, யூதனா என்று அது கேட்காது. பிறப்பிடம், இனம், மதம் பார்க்காமல் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்று அரசியலமைப்பின் முதல் பிரிவு உறுதி கொடுக்கிறது. பதிலுக்கு நீயும் அந்த அடையாளங்களை அரசின் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். இது கௌரவமான பேரம் என்றே நினைக்கிறேன். ஆனால் குடியேறியவர் பக்கத்து நிபந்தனை கறாராக வசூலிக்கப்படுகிறது, அரசின் பக்கத்து வாக்குறுதி பெரும்பாலும் பாக்கியாகவே நிற்கிறது. கீழே வரும் பல பதில்கள் இந்தப் பாக்கியைப் பற்றியவைதான்.

குடியேறியவர்கள் உண்மையில் எத்தனை பேர்?

தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் சுமார் 73 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.7 சதவீதம். 1975இல் இது 7.4 சதவீதம். வேறு நாட்டில் வெளிநாட்டவராகப் பிறந்து பிரான்ஸில் வாழ்பவர்தான் இந்தக் கணக்கில் வருவார். அவர்களில் மூன்றில் ஒருவர் ஏற்கெனவே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டவர். பிரான்ஸிலேயே பிறந்த பிள்ளைகள் இதில் சேர மாட்டார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டு தலைமுறையையும் ஒன்றாகக் குழப்புவது வாடிக்கை.

இனம், மதம் பற்றிய கணக்கெடுப்பே கிடையாதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே இல்லை. 1978ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைச் சேகரிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. இன அடிப்படையிலான புள்ளிவிவரத்துக்கு வழி திறக்கப் பார்த்த ஒரு சட்டப் பிரிவை 2007இல் அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்தது. இதற்கு ஒரு வலியான காரணம் உண்டு. 1940இல் நாஜிகளுக்கு அடிபணிந்த விஷி அரசின் காலத்தில், யூதர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தது பிரெஞ்சுக் காவல்துறைதான். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கைது செய்தார்கள்.

காரணம் புரிகிறது. ஆனாலும் கணக்கே எடுக்காத அரசு, யாருக்கு வேலை மறுக்கப்படுகிறது, யாருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்பதையும் பார்க்க முடியாமல் போகிறது. பெற்றோர் பிறந்த நாட்டைக் கேட்டு நடத்தும் பெரிய ஆய்வுகள் (2008-09இலும் 2019-20இலும் நடந்தவை) அந்த இருட்டில் கொஞ்சம் வெளிச்சம் காட்டுகின்றன.

இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் எளிதாகக் கலந்துவிட்டார்களே, இப்போது வருபவர்கள் மட்டும் ஏன் கலப்பதில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வியின் முதல் பாதியே தவறு என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கு பிரான்ஸில் ஏக்-மோர்த் என்று ஓர் ஊர். கடலோர உப்பளங்களுக்குப் பேர்போனது. 1893 ஆகஸ்ட் மாதம் உப்பு வாரும் பருவத்தில் இத்தாலியத் தொழிலாளர்களும் உள்ளூர்த் தொழிலாளர்களும் ஒரே அளத்தில் வேலை செய்தார்கள். சின்னத் தகராறு கைகலப்பானது. இத்தாலியர்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊருக்குள் பொய்ச்செய்தி பரவியது. தடியும் கல்லுமாகக் கூட்டம் கிளம்பியது. இத்தாலியர்களைக் காவலர்கள் ஊரைவிட்டு வெளியே அழைத்துப் போகும் வழியிலேயே மறித்து அடித்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் 8 இத்தாலியர்கள் செத்தார்கள், காயம்பட்டவர்கள் பல பத்துப் பேர். அந்த ஆண்டு இறுதியில் அங்குலேம் நகரத்தில் விசாரணை நடந்தது. நடுவர் குழு அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

போலந்துக்காரர்கள் முதல் உலகப் போருக்குப் பிறகு வடக்கு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். சுரங்கக் குடியிருப்புகளில் தனியாக இருந்தார்கள், தங்கள் பாதிரியாரை வைத்துக்கொண்டார்கள், வீட்டிலும் கடையிலும் போலிஷ் பேசினார்கள். 'இவர்கள் பக்தி அளவுக்கு மீறியது, கலக்கவே மாட்டார்கள்' என்று அன்றும் எழுதினார்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சுக்காரர்களாக இருப்பது உண்மை. அது எளிதாக நடந்ததாகச் சொல்வதுதான் பொய்.

அல்ஜீரியர்களின் கதையில் இரண்டு விஷயங்கள் கூடுதலாகச் சேர்ந்தன. முதலாவது காலனி ஆதிக்கம். 1830 முதல் 1962 வரை பிரான்ஸின் பிடியில் இருந்த நாடு அது. அங்குள்ள முஸ்லிம்கள் மிக நீண்ட காலம் பிரெஞ்சுப் பிரஜைகளாக இருந்தும் முழுக் குடியுரிமை இல்லாதவர்கள். எட்டு ஆண்டு விடுதலைப் போரும் சித்திரவதையும் முடிந்த கையோடு அதே மக்கள் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள்.

இரண்டாவது, அவர்கள் வந்த நேரம். கார்த் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் தேவைப்பட்டபோது பாரிஸை ஒட்டிய நான்த்தேர் தகரக் குடிசைகளில் தங்கவைத்தார்கள். 1974 ஜூலையில் வேலைக்கு ஆள் எடுப்பதை அரசு நிறுத்தியது. அதுவரை வருவதும் போவதுமாக இருந்தவர்கள், போனால் திரும்ப வர முடியாது என்று தெரிந்ததும் பிரான்ஸிலேயே தங்கினார்கள், மனைவி மக்களையும் வரவழைத்தார்கள். குடும்பம் சேர்வதற்கான அரசாணை 1976இல் வந்தது. புறநகர் அடுக்குமாடிகளில் அவர்கள் குடியேறிய அதே காலத்தில்தான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. போலந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு வேலையும் தொழிற்சங்கமும் இருந்தன. அல்ஜீரியத் தொழிலாளியின் மகனுக்கு இரண்டும் கையெட்டாத தூரத்துக்குப் போய்விட்டன.

பிரெஞ்சு மதச்சார்பின்மை என்றால் மதத்தைத் தடுப்பதா?

கிடையாது. 1905 டிசம்பர் 9ஆம் தேதியச் சட்டத்தின் முதல் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. இரண்டாம் பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. நடுநிலை காக்க வேண்டியது அரசும் அதன் ஊழியர்களும். அரசு மருத்துவமனைச் செவிலியர் முக்காடு அணியக் கூடாது, நோயாளி அணியலாம். பல்கலைக்கழக மாணவி அணியலாம், தெருவில் போகிறவர் அணியலாம்.

லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் கோடை முடிவில் பாரிஸ் வீதியில் ஓடுகிறது. நடுரோட்டில் தேங்காயைக் குவித்து உடைக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள், காவல்துறை போக்குவரத்தைத் திருப்பி விடுகிறது. இதுவும் அதே 1905 சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. அல்சாஸ்-மொசெல் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்ததால் 1905 சட்டம் அங்கே போகவே இல்லை. பாதிரியாருக்கும் யூத குருவுக்கும் அரசு இன்றும் அங்கே சம்பளம் தருகிறது. 'குடியரசு பிரிக்க முடியாதது, ஒரே சட்டம்' என்று முழங்குபவர்கள் இதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பள்ளிக்கூட முக்காடுப் பிரச்சினை எப்படித் தொடங்கியது?

1989 இலையுதிர் காலத்தில், பாரிஸுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரின் நடுநிலைப் பள்ளியில் மூன்று மாணவிகள் முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம், முக்காடு தன்னளவில் மதச்சார்பின்மைக்கு விரோதமானது ஆகாது என்று கருத்துச் சொன்னது. ஒவ்வொரு பள்ளியும் தானே முடிவெடுக்க வேண்டியிருந்ததால் பதினைந்து ஆண்டு இழுபறி. கடைசியில் 2004 மார்ச் 15ஆம் தேதியச் சட்டம் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைத் தடை செய்தது. தேசிய சபையில் ஆதரவு 494, எதிர்ப்பு 36. இடதுசாரிகளில் பெரும்பாலோர் ஆதரித்தார்கள்.

2004 சட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் வற்புறுத்தப்படும் சிறுமிக்குப் பள்ளி ஓர் அடைக்கலம் ஆகட்டும் என்று கேட்டவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். ஆனால் சட்டம் யாரையும் நினைத்துப் பார்க்காமல் சீக்கியப் பிள்ளைகளையும் அடித்தது. தலைப்பாகைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சீக்கிய மாணவரின் வழக்கில் பிரான்ஸ் அவரது உரிமையை மீறியதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் முடிவு சொன்னது. பிரான்ஸ் சட்டத்தை மாற்றவில்லை.

அதன் பிறகு 2010இல் பொது இடத்தில் முகத்தை மூடத் தடை வந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் அதை ஏற்றது. 2016 கோடையில் கடற்கரையில் முஸ்லிம் பெண்கள் அணியும் உடல் முழுதும் மூடிய நீச்சலுடைக்குச் சில மேயர்கள் தடை போட்டபோது அரசு மன்றம் அதை நிறுத்திவைத்தது. 2023 செப்டம்பரில் பள்ளியில் அபாயாவுக்குத் தடை. முதல் நாள் 298 மாணவிகள் அதை அணிந்து வந்ததாகவும், மாற்ற மறுத்த 67 பேர் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் கல்வி அமைச்சர் சொன்னார். இங்கேதான் எனக்குச் சட்டத்தோடு ஒட்டவில்லை. தளர்வான நீண்ட அங்கியைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒருத்தி போட்டால் அது உடுப்பு, இன்னொருத்தி போட்டால் அது மதம் என்று வாசலில் நிற்பவர் முடிவு செய்ய வேண்டுமென்றால், அவர் துணியைத் தாண்டி முகத்தையும் பெயரையும் பார்த்தே ஆக வேண்டும்.

கை குலுக்காததற்காகக் குடியுரிமை மறுத்தது உண்மையா?

உண்மை. பிரெஞ்சுக்காரரை மணந்த அல்ஜீரியப் பெண் ஒருவர், 2016இல் குடியுரிமை வரவேற்பு விழாவில் ஆண் அதிகாரிகளோடு மத நம்பிக்கை காரணமாகக் கை குலுக்க மறுத்தார். கலந்து வாழவில்லை என்று சொல்லி அரசு குடியுரிமையை மறுத்தது. அரசு மன்றம் 2018இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

குடியுரிமை நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

மாவட்ட அரசு அலுவலகமான பிரிபெக்சரில் அதிகாரி ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். மேசையில் உங்கள் கோப்பு: சம்பள ரசீது, வரி ரசீது, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, வாடகை ஒப்பந்தம். முதலில் வேலை, குடும்பம், யாரோடு பழகுகிறீர்கள் என்று பேச்சுப் போலத் தொடங்கும். பிறகு 1789இல் என்ன நடந்தது, 14 ஜூலை ஏன் விடுமுறை, மரியான் யார், மதச்சார்பின்மை என்றால் உங்களுக்கு என்ன, மகள் வேறு மதத்தவரை மணந்தால் என்ன செய்வீர்கள் என்ற வகையில் போகும். ஆறுகளையும் அதிபர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் இந்தக் கடைசி வகைக் கேள்விகளில்தான் தடுமாறுகிறார்கள்.

2024 ஜனவரி 26ஆம் தேதியச் சட்டம் படியை இன்னும் உயர்த்தியது. 2026 ஜனவரி முதல் குடியுரிமைக்கு பி2 அளவு பிரெஞ்சு வேண்டும், முன்பு பி1 போதும். பத்தாண்டு வசிப்பிட அட்டைக்கு பி1. தனியாகக் குடிமையியல் தேர்வும் உண்டு. பி2 என்பது எழுத்திலும் பேச்சிலும் வாதாடத் தெரிந்திருக்க வேண்டிய அளவு. உணவகச் சமையலறையில் பதினைந்து ஆண்டு பாத்திரம் கழுவிய ஒருவருக்கு, தினம் பத்து மணி நேர வேலைக்குப் பிறகு, அது எளிதில் கைகூடாது. மொழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கற்பிக்கும் மணி நேரத்தைக் கூட்டாமல் தேர்வை மட்டும் கடினமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை.

பெயர் உண்மையிலேயே வேலையைத் தடுக்குமா?

2010இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகச் சோதித்தது. இரண்டு வேலை விண்ணப்பங்கள். இரண்டிலும் செனகல் நாட்டுக் குடும்பப் பெயரான தியூஃப். படிப்பு, அனுபவம், பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாம் சமம். ஒருத்தி மாரி, கிறிஸ்தவ அமைப்பில் வேலை செய்தவள். இன்னொருத்தி கதீஜா, முஸ்லிம் அமைப்பில் வேலை செய்தவள். மாரிக்கு 21 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, கதீஜாவுக்கு 8 சதவீதம். தோல் நிறமும் நாடும் ஒன்றே என்பதால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதே இல்லை. கதீஜா பேரத்தில் தன் பங்கை முழுதாகக் கொடுத்துவிட்டவள். அவளிடம் இன்னும் எதைக் கேட்பது?

புதுச்சேரித் தமிழர்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஆனது எப்படி?

1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் செருப்பு அணிந்து போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தண்டித்தார்கள். அவர் பாரிஸ் வரை வழக்கை எடுத்துப் போய் வென்றார். 1881இல் ஓர் அரசாணை வந்தது. இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர விரும்புபவர் கையெழுத்துப் போடலாம், கூடவே ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். சாதியிலிருந்து ஒரு வாசல் திறந்தது என்று கையெழுத்துப் போட்ட தலித்துகளும் கிறிஸ்தவர்களும் பலர்.

ஆனால் 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தபோது, துறந்தவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்த பிறகும் தனி வரிசை. இன்றைய பிரான்ஸ் விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பட்டியல்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அதை எடுத்துக்கொண்டார்கள். 'சொல்தா' என்று ஊரில் அழைக்கப்படும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அவர்களில் முக்கியமானவை.

2005இல் புறநகர்கள் ஏன் எரிந்தன?

அக்டோபர் 27 அன்று கிளிஷி-சு-புவாவில் காவலர்களிடமிருந்து ஓடிய மூன்று சிறுவர்கள் மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்தார்கள். 17, 15 வயதுப் பையன்கள் இருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் நாடு முழுக்கக் கார்கள் எரிந்தன. அரசு நவம்பர் 8 அன்று நெருக்கடி நிலையை அறிவித்தது, அதுவும் அல்ஜீரியப் போருக்காக 1955இல் இயற்றிய சட்டத்தைக் கொண்டு. பாரிஸிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் அந்த ஊர், ஆனாலும் 2019 டிசம்பரில் டிராம் வரும் வரை அங்கே தண்டவாளமே கிடையாது.

மதத்துக்கும் இந்தக் கலவரத்துக்கும் சம்பந்தம் குறைவு. தெருவில் அடையாள அட்டை கேட்டு நிறுத்துவதுதான் அன்றாடப் புண். அரபியர், கறுப்பினத்தவர் என்று தோன்றும் இளைஞர்கள் நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம் என்று நாட்டின் உரிமைக் காப்பாளர் அலுவலகமே 2017இல் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, இப்படிப்பட்ட பாகுபாட்டுச் சோதனைகளுக்காக அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

குடியேற்றத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் இனவெறியர்களா?

இல்லை, அப்படி ஒதுக்கித் தள்ளுவது அநியாயம். 2022 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில், குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லு பென்னுக்கு 41.45 சதவீத வாக்கு விழுந்தது. 2015 நவம்பர் 13 இரவில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். 2020 அக்டோபரில் சாமுவேல் பத்தி என்ற வரலாற்று ஆசிரியர், வகுப்பில் முகமது நபியின் கேலிச்சித்திரம் காட்டியதற்காகப் பள்ளிக்கருகே தலை வெட்டப்பட்டார். கொன்றவன் அகதிக் குடும்பத்தில் வளர்ந்த 18 வயதுக்காரன். அதற்குப் பிறகு பாடம் நடத்தப் பயந்த ஆசிரியரின் பயத்தை இனவெறி என்று எந்த மனசாட்சியோடு சொல்வது? தொழிற்சாலை மூடிய ஊரில், ரயிலும் மருத்துவரும் இல்லாமல் போனவரின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது.

நான் அவர்களோடு பிரியும் இடம் ஒன்றுதான். கொலைகாரனின் குற்றத்துக்குக் கதீஜா தியூஃப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கும்போது.

பிரான்ஸில் பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமைக்கு ஆபத்து உண்டா?

பெருநிலப் பிரான்ஸில் இப்போதைக்கு விதி இதுதான். வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளை, 11 வயதிலிருந்து மொத்தம் ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் 18இல் தானாகவே பிரெஞ்சுக்காரர். 16இல் தானே கேட்கலாம். 8 வயதிலிருந்து அங்கே வாழ்ந்திருந்தால் 13இலேயே பெற்றோர் கேட்கலாம். பெற்றோரில் ஒருவர் பிரான்ஸில் பிறந்தவராக இருந்தாலே பிறக்கும்போதே குடியுரிமை. இந்தக் கடைசி விதி 1889இல் வலுப்பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், வெளிநாட்டவரின் மகன்கள் ராணுவச் சேவையிலிருந்து தப்புகிறார்களே என்ற உள்ளூர் எரிச்சல். 1993இல் 'விரும்புகிறேன்' என்று பிள்ளை தானே அறிவிக்க வேண்டும் என்று மாற்றினார்கள், 1998இல் அதை நீக்கினார்கள்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மயோத்தில் மட்டும் விதி வேறு. பிள்ளை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது மூன்று மாதம் முறையான அனுமதியோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2018இல் கொண்டுவந்தார்கள். 2025இல் அதை இரு பெற்றோர், ஓராண்டு என்று இறுக்கினார்கள். பெருநிலத்துக்கும் இதை நீட்ட வேண்டும் என்று வலதுசாரிகள் கேட்கிறார்கள், 2027 அதிபர் தேர்தலில் இது மேடைக்கு வரும். சட்டம் மாறுவதற்குள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 13 வயது நிறைந்த பிள்ளை இருந்தால் பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவப் பதிவேடு, வாடகை ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கி, குடியிருக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்த வயதில் பிள்ளையும் சம்மதம் சொல்ல வேண்டும். எதற்காகப் போகிறோம் என்பதை வீட்டிலேயே அவர்களோடு பேசிவிட்டுக் கூட்டிப் போங்கள்.